மணிக்காக வேஷம் போட்டவர்

செய்தி வந்தபோது எங்கள் நாய் மணி, அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய சென்னைக்காரரின் கையை நக்கிக்கொண்டிருந்தது. ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன். "அக்கா, நம்ம சேவியர் அண்ணன் தவறிட்டாரு." முன்பின் தெரியாதவரிடம் அந்த நாய் வாலாட்டுகிறதென்றால் அது யார் செய்த வேலை என்று நாயுடுபுரத்தில் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்.

மணி மழைக்காலத்தில் வந்த குட்டி. சுற்றுலா ஆட்கள் வராத அந்த மூன்று மாதமும் என்னையும் என் கணவரையும் தவிர அது யாரையும் பார்க்கவில்லை. சீசன் தொடங்கியதும் எங்கள் வாடகை அறைக்கு வந்த முதல் குடும்பம், அது குரைத்த குரைப்பில் பெட்டியைக்கூட இறக்காமல் திரும்பிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, யாரு தோட்டத்துக்காவது குடுத்துருவேன்" என்றார் கணவர். நான் மணியை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அந்தக் குடும்பத்தை ஏற்றிவந்த ஜீப் டிரைவர்தான் சேவியர் அண்ணன். "பத்து நாள் எங்கிட்ட விடு தாயி" என்றார். அன்றைக்கே பிஸ்கட் போட்டு மணியைத் தன்னோடு பழக்கிக்கொண்டார். மறுநாள் வேற்றாள் மாதிரி குரங்குக் குல்லாவில் வந்தார். பிறகு மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி, குடை. ஒருநாள் மனைவியின் சேலை. மணி ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் குழைந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம். பதினோராம் நாள் தபால்காரர் வந்தார். மணி அவரைக் கேட்டுக்குள் காலெடுத்து வைக்கவிடவில்லை.

சேவியர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணுக்குத்தான் வேஷம் போட்டிருக்கேன் தாயி, அதோட மூக்க மறந்துட்டேன்." நான் பதறி நிற்கிறேன், இந்த மனிதருக்குச் சிரிப்பு! திட்டித் தீர்த்தேன். "நாயவிட நீதான் அதிகமாக் குரைக்கிற" என்றார்.

அடுத்த நாள் முதல் வெள்ளனே மணியை ஜீப்பில் ஏற்றி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். "யாரும் கூப்பிடாதீங்கப்பா, மூஞ்சியப் பாக்காதீங்க. சும்மா டீயக் குடிங்க. அதுவா வந்து மோந்து பாக்கட்டும்." ஐந்து டிரைவர்கள் மலையைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். மூன்றாம் நாள் மணி மெல்ல வந்து ஒருவர் கால்சட்டையை மோந்தது. யாரும் திரும்பவில்லை. சீசன் முடிவதற்குள் என் கணவரே மணிக்குப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கிவந்தார்.

அடக்கத்தன்று பள்ளங்கியில் அவர் வீட்டுக்கு மணியையும் கூட்டிப்போனேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. வாசலில் தயங்கி நின்றேன். மணி ஒவ்வொருவர் காலாக மோந்தபடி உள்ளே போனது. ஒரு குரைப்பு இல்லை. அவர் மனைவி அதன் தலையைத் தடவிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் குரைக்கிற தாயி நீங்கதானா?"

அழுதுகொண்டே இருவரும் சிரித்துவிட்டோம்.

அந்தப் பட்டப்பெயரும், வேஷம் போட்ட நாட்களில் எங்கள் வீட்டில் அவர் விட்டுப்போன மழைக்கோட்டும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். மணி தினமும் காலையில் அந்தக் கோட்டை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் விருந்தாளிகளை வரவேற்கப் போகிறது.