ஐஸ் வண்டிக்காரனுக்குக் குளிர்ந்தது

போன வருஷம் கத்திரி வெயிலில், மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் மீன் ஏலம் விடுகிற ஒரு கரையில், என் அண்ணன் விழுந்தான். நான் சொல்ல வந்தது இந்த வருஷம் அதே இடத்தில் நான் படுத்த கதையை. ஆனால் அவனைச் சொல்லாமல் என்னைச் சொல்ல முடியாது.

அண்ணன் லோடு ஆட்டோவில் ஐஸ் கொண்டுவந்து கரையில் இறக்குவான். அன்று மத்தியானம் இறக்கிக்கொண்டிருந்தவன், "குளுருதுடா, லைட்டப் போடு, இருட்டா கீது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். மண்ணில் கால் வைக்க முடியாத வெயில். எந்நேரமும் ஐஸைத் தொடுகிறவன் இல்லையா, அந்தக் குளிர்தான் உள்ளே இறங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏலம் கூவுகிற அண்ணாத்த ஓடிப்போய்ப் போர்வை கொண்டுவந்து கழுத்து வரைக்கும் போர்த்திவிட்டார். பாசத்தில்தான் செய்தார்.

நான் போனபோது உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. வண்டியில் மிச்சமிருந்த ஐஸ் உருகி, சிமெண்டுத் தரையில் ஓடி, அவன் கால் விரல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வருஷம் வெயில் ஏறும்போது சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்சம்மா கரைக்கு வந்தார். வெளியூர்க்காரர், எங்கள் கதை தெரியாது. வெயில் அடித்து விழுந்தவனுக்கு என்ன செய்யணும் என்று காட்ட, ஒருத்தர் தார்ப்பாயில் படுக்கணும் என்றார். உயிரோடு இருக்கிறபோதே பிணம் மாதிரி யார் படுப்பார்கள்?

"நீ படேன்டி, நாலு பேரு சேந்து தூக்கட்டும்."

"என்னத் தூக்கணும்னா கிரேன்தான் வரணும்" என்று மீன் விற்கிற பெண்கள் சிரித்தார்கள்.

நான் போய்ப் படுத்தேன். சிரிப்பு நின்றுபோனது.

"வெயில் அடிச்சவன் கண்டபடி பேசுவான். ஏதாவது உளறு தம்பி" என்றார் நர்சம்மா. கண்ணை மூடினேன். வாய் தானாகவே, "குளுருதுடா, லைட்டப் போடு, இருட்டா கீது" என்றது. அண்ணன் கொஞ்சம் மூக்கால் பேசுவான். அப்படியே வந்தது.

"இன்னாடா இது, அவனே பேசறான்" என்று ஏலக்கார அண்ணாத்த பின்னால் நகர்ந்தார்.

"பாத்தீங்களா, சில பேரு குளுருதுன்னுதான் சொல்லுவாங்க. போர்த்திடாதீங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு, அது வர்ற வரைக்கும் ஐஸ் கொட்டுங்க" என்றார் நர்சம்மா.

யாரும் அசையவில்லை. கடைசியில் அண்ணாத்ததான் கூடையில் ஐஸ் அள்ளினார். தார்ப்பாயின் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரையும் ஐஸையும் என் மேல் கொட்டினார்கள். மேலே வட்டமாக முகங்கள். அண்ணனும் இதே முகங்களைத்தான் கடைசியாகப் பார்த்திருப்பான்.

அப்போது ஒரு கை என் காலைப் பிடித்தது. அம்மா. அந்தப் பக்கம் மீன் அலசிக்கொண்டிருந்தவளிடம் இது சும்மா செய்து காட்டுவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எய்ந்திருடா பெரியவனே. வூட்டுக்குப் போலாம்."

நான் சின்னவன். அண்ணனைத்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். நான் அவன் இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "வரேம்மா" என்றேன். அதுவும் மூக்கால்தான் வந்தது.

அண்ணாத்த கூடையோடு தரையில் உட்கார்ந்தார். "அன்னிக்கி வண்டி நெறைய ஐஸு இருந்துச்சேடா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அண்ணன் வண்டியை நான் ஓட்டுகிறேன். ஏல இடத்து ஓரத்தில் ஒரு ஐஸ் பெட்டியும் மடித்த தார்ப்பாயும் இருக்கின்றன. அந்த ஐஸை மீனுக்கு யாரும் எடுப்பதில்லை. என் முதல் கூடை அதில்தான் விழும். அது நிரம்புகிற வரைக்கும் அம்மா எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவாள். வெயிலில் யாராவது குளிர்கிறது என்று சொன்னால் இப்போதெல்லாம் என் கண் போர்வையைத் தேடாமல் அந்தப் பெட்டியைத்தான் தேடுகிறது.