காலித் தோட்டாக்கள்

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகருக்கு வெளியே, துப்பாக்கி சுடும் திடலில்தான் அவரைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, காதுகளை மூடிய பெரிய சிவப்புக் கவசம். கையில் எந்த நாட்டு ராணுவமோ கழித்துவிட்ட பழைய ரைஃபிள். அதன் மரக்கட்டையை அவரே இழைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். தோட்டாக்களுக்கு மருந்து நிரப்புவதும் வீட்டு கராஜில் அவரேதானாம்.

சுட்டதும் எல்லோரும் டார்கெட் தாளைப் பார்ப்பார்கள். அவர் தரையைப் பார்த்தார். தெறித்து விழுந்த காலித் தோட்டாவைச் சூடான வடையைப்போல விரல் மாற்றி மாற்றிப் பிடித்து, ஊதி, ஒரு நெய் டப்பாவில் போட்டுக்கொண்டார். மறுபடி மருந்து நிரப்பலாமே!

எல்லோரும் சுட்டு முடித்ததும் தாள்களை எடுக்கப் போனோம். அவருடைய தாளில் ஒரு ஓட்டைகூட இல்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

“அங்கிள், ஒண்ணுகூட படலையே?”

“அத விடுங்க. எல்லாமே வெடிச்சுதுல்ல? லாஸ்ட் டைம் பாதி ஃபயரே ஆகல!”

சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டார்.

“அது எதுக்கு அங்கிள்?”

“புதுசாவே இருக்கே. அடுத்த வாரத்துக்கு ஆகும்.”

அவருக்குக் குறி பார்க்க வரவில்லையா, நல்ல தாளை வீணாக்க மனம் வரவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.