தோட்டை விற்று வாங்கிய காது

தலைமையாசிரியர் என்னை வராந்தாவில் நிறுத்தி, வாயை அகலமாகத் திறந்து மூடி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அடுத்த திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றார். உங்க வகுப்பைத்தான் பாக்கணும்னு கேட்டிருக்கார்."  யாரோ ஒரு பிள்ளையின் அப்பா போய்ச் சொல்லியிருக்கிறார். பையன் பாடத்தைத் தப்பும் தவறுமாகப் படிக்கிறானாம், டீச்சர் "ரொம்ப நல்லது, உட்கார்" என்கிறாராம்.  உண்மைதானே!

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு என் காது மந்தமாகத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர், காதுக்குள்ளே இருக்கிற எலும்பு இறுகிவிட்டது, சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இப்படி ஆகும், மெஷின் வைத்தால் கேட்கும் என்றார். அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார். மெஷின் விலையைக் கேட்ட அன்றே அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்தேன். எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷத்தை ஓட்டினேன். பின்னால் நின்று பேசினால் நான் செவிடு. முகத்தைப் பார்த்துப் பேசினால் டீச்சர்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. புது நாடு, புதுச் சட்டம், தகுதி இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஓயாத பேச்சு. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். என் சம்பளம் நின்றால் மலாக்கா காஜா பெராங் பகுதி வாடகை வீட்டில் நாங்கள் அடுத்த மாதம் இருக்க முடியாது. கணவருக்குப் பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர் வேலை. நாள்கூலி, அதுவும் மழைக்காலத்தில் அரைகுறை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குரல் மெல்லிசு, கழுத்து மட்டும் விறைப்பு. ஃபோர்மனிடம் மன்னிப்புக் கேள் என்றார்கள் என்பதற்காக நல்ல வேலையை உதறிவிட்டு வந்த மனிதர். முதலாளி வந்தால்கூடக் கையைக் கட்ட மாட்டார். நான் எத்தனை தரம் திட்டியிருப்பேன், வணங்காத கழுத்து சோறு போடுமா என்று! என்னிடம் மட்டும் அந்த விறைப்பு இருக்காது. காது போன பிறகும் ஒரு நாள் அவர் என்னிடம் கத்தியதில்லை. "ஊருக்கே கேக்குற மாதிரி பொண்டாட்டிகிட்ட கத்துறதா? அது என்னால ஆகாது" என்பார். எதிரே வந்து, என் முகவாயைத் தொட்டுத் திருப்பி, பிறகுதான் பேசுவார். அவர் உதடு அசைவது தெரியும். குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது.

மெஷின் வாங்குவதற்காக, வெள்ளிக்கிழமை என் ஏழுகல் தோட்டைக் கழற்றிப் பத்தரிடம் விற்றேன். கல்யாணத்துக்கு அம்மா போட்டது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டில் இருந்த, தமிழ் மறந்து மலாய் பேசுகிற மலாக்கா செட்டி அக்காள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "சுபாங் மானா?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டி மலாயில் கேட்டாள். தோடு எங்கே என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு, "தின்னுட்டேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்துச் சிங்கப்பூர் போனோம். காது மெஷின் கடைக்காரர் ஒரு சீனர். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். சிகரெட் டப்பா அளவு பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் காதில் வைக்கும் குமிழ். மலிவானதைப் போட்டதும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற இரைச்சல். நடுவிலிருந்தது கொஞ்சம் தேவலை. விலை கூடியதை வைத்தார். மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது. என் வளையல் கேட்டது. விலை என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. பேட்டரி தனி, அதுவும் மாதா மாதம் வாங்க வேண்டும். மீன் கடையில் காசுக்குக் காசு பேரம் பேசுகிற என் கணவர், அன்று விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் நடுப் பெட்டியைக் காட்டினேன். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "டீச்சரம்மா, கேக்குதா?" என்று ஒரு குரல். மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். அவருடைய குரல்! கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவர் தோடு விற்ற பணத்தை அப்படியே மேசைமேல் வைத்து, விலை கூடிய பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

தண்ணீர் படக்கூடாது, கீழே விழக்கூடாது, குளிக்கும்போது கழற்ற வேண்டும் என்று கடைக்காரர் எல்லாம் சொன்னார். சந்தனம் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தோன்றும்?

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இடவேண்டும். சைக்கிள், மண்ணெண்ணெய் அடுப்பு, பட்டறைக்கு வாங்கின ஸ்பானர் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொட்டு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டியையும் சாமி மேடையில் வைத்தார். "ஒரு ராத்திரி இருக்கட்டும்மா. நாளைக்கு நல்லபடியா முடியணும்." நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அவர் பொட்டு வைத்ததை நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு வந்து குமிழைக் காதில் வைத்துத் திருகினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் திருகினேன். இல்லை. பேட்டரியை மாற்றினேன். இல்லவே இல்லை.  அவர் பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. பெட்டியின் மேல்பக்கம் சிறு சிறு ஓட்டைகள் போட்ட சல்லடைத் தகடு ஒன்று உண்டு. சத்தம் உள்ளே போகிற வழியே அதுதான். அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து இறுகிக் கிடந்தது.

"இது அலங்காரம்னு நெனச்சேன்மா. காதுல வைக்கிறதுதானே கேக்கும்? பெட்டிக்கு நெத்தி எதுன்னு பாத்துத்தான் வச்சேன்."

"நெத்தியாம் நெத்தி! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நெத்தியாம்!" என்று கத்தினேன். என் கத்தலே எனக்குக் கேட்கவில்லை. அவர் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். மேலே இருந்தது வந்தது, ஓட்டைக்குள் போனது வரவில்லை. மணி ஆகிவிட்டது. செத்த பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குமிழையும் காதில் வைத்துக்கொண்டு, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

இன்ஸ்பெக்டர் சரியான நேரத்துக்கு வந்தார். தமிழர், வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். என் காதையும் ஒயரையும் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து எனக்குப் பின்னால் போனார். திரும்பலாமா, திரும்பினால் செவிடு என்று தெரிந்துவிடுமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகளின் கண்கள் எல்லாம் என் தோளுக்குப் பின்னால் போய் நின்று, பிறகு என்மேல் வந்து விழுந்தன. அவர் ஏதோ கேட்டுவிட்டார். நான் பதில் சொல்ல வேண்டும். திரும்பினேன். கையிலிருந்த கோப்பால் வாயை மறைத்துக்கொண்டு நின்றார். முடிந்தது என் வேலை என்று நினைத்தேன்.

அப்போது வாசலில் என் கணவர் வந்து நின்றார். பட்டறைக் காக்கிச் சட்டை, கையில் சைக்கிள் பம்பு. இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஏதோ சொன்னார், பெட்டியைக் காட்டினார், மோதிர விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டர் தலையை அசைத்தார். இவர் என் அருகே வந்து, பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒயர் என் காதிலேயே இருந்தது. பம்பு நுனியை ஓட்டையருகே பிடித்தார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. பிள்ளைகள் முகத்தையும் அவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், மேசையோரமே நின்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காதில் சடசடவென்று ஏதோ உடைந்தது. காற்றுச் சீறியது. பிறகு, என் காதுக்கு உள்ளேயே பேசுவதுபோல, அந்தக் கரகரத்த குரல்.

"...கும்பிட்டுக் கேட்டுக்கிறேன் சார். அவமேல தப்பில்ல. நான்தான் அடைச்சேன். காதுல கெடந்த தோட்டைக் கழட்டி வித்து வாங்கினது சார் இது. வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்."

முதலாளிக்கும் கையைக் கட்டாத மனிதர்.  எனக்குக் கேட்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் என் காதுபட இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

"விழாதீங்க," என்றேன், கரும்பலகையைப் பார்த்தபடியே. "எனக்குக் கேக்குது."

 பிறகு இன்ஸ்பெக்டரின் குரல், முதன்முதலாக. "வகுப்பை நடத்துங்க டீச்சர்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் பம்பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார். முன் வரிசைப் பையனைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே ஒரு சொல்லை விழுங்கினான். "நிறுத்து. அந்த வரியைத் திரும்பப் படி" என்றேன்.

வராந்தாவில் போய்க்கொண்டிருந்த அவருடைய செருப்புச் சத்தம் நின்றது. பையன் அந்த வரியைச் சரியாகப் படித்து முடிக்கிற வரைக்கும் நின்றது. பிறகு பட்டறைப் பக்கம் நடந்து போனது.