ஹாக்கி வளர்த்த ஒரு வருஷம்

ஓடுவது பையன்கள், தோற்பது டீம், வசவு மட்டும் விசில் வைத்திருப்பவனுக்கு. நீங்களும் எங்காவது டிரில் மாஸ்டராகக் காலம் தள்ளியவர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் பழனிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கல்லூரி திறந்தார்கள். அங்கே எனக்கு உடற்பயிற்சி ஆசிரியர் வேலை, தற்காலிகம். சேர்ந்த அன்றே முதல்வர் கூப்பிட்டு உட்காரவைத்தார். நிர்வாகத்தாருக்கு ஹாக்கியில் நம்பிக்கை இல்லை, கபடியே போதும் என்கிறார்கள், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். மாசி மாதம் மதுரையில் கல்லூரிகளுக்குள் போட்டி நடக்கும். அதில் ஜெயிக்கக்கூட வேண்டாமாம். ஒரே ஒரு கோல் போட்டால் ஹாக்கியும் இருக்கும், நானும் இருப்பேன்.

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி, மலை அடிவாரத்தில் வீடு பிடித்துக் குடித்தனம் வைத்திருந்தேன். ஒரு கோல்தானே என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

கொய்யா மரக் கம்பு

ஆடுவதற்குப் பதினொரு பேர் வேண்டும், வந்து சேர்ந்த மட்டைகள் எட்டு. மிச்சத்தைத் தான் செய்து கொண்டுவருவதாகத் தண்டபாணி சொன்னான். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர் மகன். டீமில் ஓடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அதனால் அவனையே முன்னால் நிறுத்தியிருந்தேன். நுனி வளைந்த கிளைகளாகப் பார்த்து வெட்டி, வண்டி ஆசாரியிடம் கொடுத்து இழைத்து, மூன்று கம்பு கொண்டுவந்தான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பச்சை மரம் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. மூன்றும் மூன்று திசையில் முறுக்கிக்கொண்டன.

கிளைகள் எங்கே போயின என்று தேடிக்கொண்டு அவனுடைய அப்பா வந்தார். மைதான ஓரத்தில் நின்று, பதினொரு பேர் குனிந்தபடி பந்துக்குப் பின்னால் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இது என்ன வகுப்பு என்று கேட்டார். விளையாட்டு என்றேன்.

"மாடு பத்தத்தான்னா ஊர்லயே பத்தியிருப்பானேங்க, இதுக்கு எதுக்குங்க பி.யு.சி.?"

கோல் காக்க ஓர் ஆள்

கோலில் நிற்க ஒருவனும் முன்வரவில்லை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒரே பையன் வேலுச்சாமி. ஆடலூர்க் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்களின் மகன், ஆள் ஒல்லி. அவனை நிறுத்தினேன். காலுக்குக் கட்டத் தடுப்பு கிடையாது. ஹாஸ்டல் தலையணை இரண்டை முழங்காலுக்குக் கீழே கயிற்றால் கட்டிவிட்டோம். முதல் நாளே பந்து பட்டுத் தலையணை கிழிந்து, கோல் முழுக்க இலவம்பஞ்சு பறந்தது. அடுத்த பந்து கணுக்காலில் பட்டு வீங்கிவிட்டது.

இரண்டு நாள் வராதே என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் நொண்டிக்கொண்டே வந்து கோலில் நிற்கிறான். வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்குதுங்க சார். ஆனா டீம்ல இருந்தாத்தான ஹாஸ்டல்ல ரெண்டு முட்டை குடுக்குறாங்க."

கொடைக்கானலில் ஓர் ஆட்டம்

மதுரைக்கு முன்னால் எங்கேயாவது ஆடிப் பழகினால் நல்லது என்று நினைத்தேன். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து மாஸ்டருக்கு எழுதினேன். பெரிய மனசு பண்ணி மார்கழியில் ஒரு நாள் வரச்சொன்னார். பள்ளிக்கூடப் பையன்கள்தானே, இங்கேயாவது ஒரு கோல் விழும் என்பது என் கணக்கு.

என் டீமில் ஏழு பேர் தைப்பூசக் காவடிக்கு மாலை போட்டிருந்தார்கள். காலில் செருப்புக்கூடப் போடக்கூடாது, ஒரு நேரச் சாப்பாடு. வேலுச்சாமி அந்த முட்டையையும் விட்டுவிட்டான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழனியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல யாருக்குத்தான் வரும்? மேலே போய்ப் பார்த்தால், காலை வெயில் வந்த பிறகும் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. என் பையன்கள் முதல் பத்து நிமிஷம் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினார்கள். பிறகு கால் இருப்பதே தெரியவில்லை என்றார்கள். ஒன்பது கோல் வாங்கினோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்த மாஸ்டர் சூடாக டீயும் பன்னும் வரவழைத்தார். ஏழு பேர் பன்னைத் தொடவில்லை. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார், உங்க பாய்ஸ் மேட்ச் ஆட வந்தாங்களா, வேண்டுதலுக்கு வந்தாங்களா?"

வண்டிகள் நின்ற இடம்

தைப்பூசம் வந்தது. கிணறு இருக்கும் இடம் தேடி யாத்திரைக்காரர்களின் மாட்டு வண்டிகள் கல்லூரி மைதானத்துக்குள் நுழைந்தன. முருகனைப் பார்க்க வருகிறவர்களைப் போகச் சொல்ல முதல்வருக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை. காளைகளைக் கோல் கம்பத்தில் கட்டினார்கள். வண்டிகளை அதைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் கிளம்பிப் போனபோது சாணியும் அடுப்புச் சாம்பலும் மிஞ்சின. நான் போட்ட சுண்ணாம்புக் கோடுகளில் ஒன்றுகூட இல்லை.

ஹாக்கியில் கோலுக்கு எதிரே பதினாறு கஜத்தில் ஓர் அரைவட்டம் உண்டு. அதற்குள் நின்று அடித்தால்தான் கோல், வெளியிலிருந்து அடித்தால் செல்லாது. அந்தக் கோட்டை மறுபடி போட வேண்டும். திருவிழாவுக்கு வெள்ளையடித்ததில் கடைகளில் சுண்ணாம்பு தீர்ந்துபோயிருந்தது. போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அளவெடுக்கக் கல்லூரி கொடுத்த டேப் என் அலமாரியிலேயே இருந்தது, ஒரு தடவை பிடித்துப் பார்த்திருக்கலாம். எனக்கு அவசரம், சோம்பல், இரண்டும்தான். வழக்கமாகக் கோடு போடும் தோட்டக்காரர் முனியாண்டி சொன்னது அப்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"சுண்ணாம்புக்கு எதுக்குங்க அலையிறீங்க, சக்கரத் தடமே வட்டம் போட்டாப்ல கெடக்குல்ல? அத வச்சு வெரசா சோலியப் பாருங்க சார்."

மதுரை

முதல் பாதியில் நாலு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் வேலுச்சாமி தலையணைக் காலோடு விழுந்து விழுந்து தடுத்தான், எதிர் டீம்காரர்களே கைதட்டினார்கள். ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது தண்டபாணிக்குப் பந்து தனியாகக் கிடைத்தது. ஓடினான். குனிந்தே பார்க்கவில்லை, மூன்று வாரமாகப் பழகிய இடம் வந்ததும் ஓங்கி ஒரு அடி. கோல் பலகையில் பந்து மோதிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தேன்.

நடுவர் விசில் ஊதிக் கோட்டைக் காட்டினார். வெள்ளைக் கோட்டுக்கு நாலடி வெளியே புழுதியில் அவன் கால் தடம் இருந்தது. கோல் இல்லை என்றார். பஸ்ஸில் தண்டபாணி திண்டுக்கல் வரைக்கும் அழுதுகொண்டே வந்தான். தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வெள்ளனே டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். எனக்கு முன்பே அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். ஒரு முனையைக் கோல் கம்பத்தில் அவன் பிடிக்க, மறுமுனையைச் சக்கரத் தடம் வரைக்கும் நான் இழுத்தேன். பதினாறு கஜம் தாண்டி நாலடி. அவனை வரச்சொல்லிக் காட்டினேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குனிந்து டேப்பில் இருந்த எண்ணைத் தானே ஒரு தடவை படித்தான். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டு நான் எங்கேயும் நின்றதில்லை.

"அப்ப நான் நம்ம கோட்டுக்குள்ள நின்னுதான் அடிச்சிருக்கேன், இல்லீங்களா சார்?"

ஹாக்கி போயிற்று, வேலை போயிற்று, அடிவாரத்து வீட்டையும் காலி செய்தோம், ஆனால் என்னிடமே தங்கிப்போன அந்த டேப்பை மட்டும் இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.