ஈரம் காயாத சீலிங்

போன வாரம் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் என் கூடத்தில் சொட்ட ஆரம்பித்தது. ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் நனைந்த பலகையைக் கத்தியால் கீறி எடுத்தார், புதுசை வைத்து அடித்தார், பூசினார், "சாயங்காலம் சாயம் அடிச்சிரலாம் அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். நான் இன்னும் காலைப் பசியாறக்கூட இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கானால் அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஒரு சீலிங் இவ்வளவு சீக்கிரம் காயக்கூடாது என்று என்னமோ ஒரு எரிச்சல்.

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. தே தாரிக் டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவனைப் பிடித்து, சுண்ணாம்பு காய்வதைப் பார்த்துக்கொள் என்று நிறுத்தினால் எப்படி இருக்கும்? என் முதல் வேலை அதுதான். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீடு. பழைய வீட்டுக்குப் பழைய சாமானையேதான் போட வேண்டும் என்று நகராட்சிக் கண்டிப்பு. பலகை ஒட்டுகிற கதையெல்லாம் நடக்காது. மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து, தேங்காய் நார் போட்டுப் பிசைந்த சுண்ணாம்பை அண்ணாந்தபடியே அப்ப வேண்டும். கருப்பட்டித் தண்ணீர், கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் விட்டு ஊறிய சுண்ணாம்புக்கு ஒரு வாசம் உண்டு, புளிப்பும் இனிப்புமாக. இன்றைக்கும் யார் வீட்டிலாவது கருப்பட்டி காய்ச்சினால் எனக்குக் கழுத்து வலிக்கிறது.

அந்த வீட்டில் ஆச்சி ஒருவர்தான் இருந்தார். கணவர் போனபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். தம்பிமார் வீட்டை ஹோட்டல்காரர்களுக்கு விடுவதாகப் பேசி முடித்திருந்தார்கள். சீலிங் வேலை முடிந்ததும் சாவி கைமாறும். ஆச்சி, பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த பத்து காவான் என்கிற ஊரில், மூத்த தம்பி வீட்டு மாடியறைக்குப் போக வேண்டும். எனக்கோ, இந்த வேலையை ஒழுங்காக முடித்தால்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆக, சீலிங் காய்ந்தால் எனக்கு வேலை நிலைக்கும், ஆச்சிக்கு வீடு போகும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முதல் வெள்ளை அடித்த வெள்ளிக்கிழமை ஆச்சி சாம்பிராணித் தட்டோடு வந்தார். அறை அறையாகப் புகை போட்டார். ஈரச் சுண்ணாம்பு புகையைக் குடித்துவிடும் ஐயா! மறுநாள் நட்டநடுவில் மஞ்சள் படர்ந்திருந்தது. சுரண்டி, மறுபடி அடித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி புகை.

"ஆச்சி, இந்த வாரம் மட்டும் சாமி ரூமோட நிறுத்திக்கலாமே."

"வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் புகை போடாம எப்படி தம்பி? நம்ம வீடுதானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சுரண்டியைத் தேடிப் போனேன்.

கொத்தனார் சேகர் அண்ணே அதற்கு மேல். ஏணியில் ஏறி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் இருக்கு லா. வெயில் வரட்டும்" என்பார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். வெள்ளிக்கிழமையானால் ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொடுப்பார், அது உள்ளே போனபின் அண்ணேவுக்கு எல்லாமே ஈரம்தான்.

"வாங்கித் தின்னுட்டுப் பேசாதீங்கண்ணே" என்றேன்.

"நீ மட்டும் என்ன விரதமா?"

அதுவும் உண்மைதான்.

நான் நடந்தேன். சூலியா தெரு வரை போவேன், திரும்புவேன், நாற்காலி போட்டு ஏறி நானே தொட்டுப் பார்ப்பேன். ஆச்சி மேல் கோபம் கோபமாக வரும். அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்பட்டதே வெட்கமாக இருக்கும். நடுவில் முதலாளி போன் போட்டு, "சீலிங் செய்றீங்களா, ஊறுகா போடுறீங்களா? இந்த மாசத்துக்குள்ள முடியலைன்னா நீ கிளம்பிக்கோ" என்று கத்தினார். போனைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன், புகையே இல்லை. ஆச்சி அடுப்படியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார்.

"சாம்பிராணி போடலையா ஆச்சி?"

"உங்க முதலாளி சத்தம் போட்டது இங்க வரைக்கும் கேட்டுச்சு. வேலைக்குப் புதுசா வந்த பிள்ளை நீ." அம்மியை வழித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "எத்தனை நாளைக்குத்தான் அதுவும் ஈரமாவே இருக்கும், பாவம்."

சேகர் அண்ணே அன்றைக்கு ஏணியில் ஏறவே இல்லை. "காஞ்சிருச்சு" என்றார், கீழே நின்றபடியே. எனக்குத் துக்கமாக இருந்தது. வேலை தப்பித்தது என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷன் என்னதான் செய்வான், சொல்லுங்கள். பணியாரத்தை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆச்சி பத்து காவான் போனார். ஒரு தடவை போய்ப் பார்க்கணும், பாலம் தாண்டினால் வந்துவிடுகிற தூரம்தானே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் தவறிவிட்ட செய்தி வந்தது, அதுவும் காரியமெல்லாம் முடிந்தபின்.

நேற்று கால் சும்மா இருக்கவில்லை. அந்த ஹோட்டலுக்குப் போய் ஒரு காப்பி சொன்னேன். சீலிங் வெள்ளைவெளேரென்று அப்படியே இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, முன்மேசையில் இருந்த தமிழ்ப் பெண் எழுந்து வந்தாள்.

"பழைய முறையில செஞ்சது அங்கிள். இந்த வீடு ரொம்ப வருஷம் ஆளே இல்லாம பூட்டிக் கிடந்துச்சு. நாங்க எடுத்துத்தான் காப்பாத்துனோம்."

"ஆள் இருந்தாங்கம்மா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பெண். ஆர்வமாகப் போனை எடுத்து, எழுதத் தயாராக நின்றாள்.

"அப்படியா? யாரு அங்கிள்? பேரைச் சொல்லுங்க, கதவு பக்கத்துல எழுதி வைக்கிறோம்."

ஆச்சி என்று வாய் வரை வந்தது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அதற்கு மேல் அவர் பேர் என்னவென்று எனக்குத் தெரியாது.