ரேடார் தகட்டோடு புதுச்சத்திரம் போய் வந்த கதை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, போர் விமான ரேடாருக்கான மாதிரித் தகடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு போக வர ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் சுற்றினேன். சின்னப் பட்டறை வைத்துக்கொண்டு பாதுகாப்புத் துறைக்குப் பாகம் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் பஸ் விவரத்தை மட்டும் படித்துவிட்டு நகரலாம்.

எங்கள் பட்டறை கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறது. நானும் கணவரும் விசைத்தறிக்கான பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். ஆர்டர் குறைந்து, ஆசையாக வாங்கிய, கம்ப்யூட்டர் சொன்னபடி உலோகம் வெட்டும் சிஎன்சி மிஷின் பாதி நாள் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் பெங்களூரு நிறுவனம் ஒன்று சேலத்தில் சப்ளையர் கூட்டம் வைத்தது. எங்கள் முறை வியாழன் மதியம் இரண்டு மணிக்கு. மாதிரியை அங்கேயே சோதிப்பார்கள், தேறினால் விலை கேட்கும் பட்டியலில் நம் பெயர் சேரும். சேராவிட்டால் மிஷினை விற்றுவிடுவது என்று வீட்டில் பேசியிருந்தோம். விற்க எனக்குத் துளியும் மனமில்லை.

ரேடாருக்கும் தறிப் பட்டறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சூடுதான் சம்பந்தம். ஓய்வு பெற்றுவிட்ட மிக்-21இன் மூக்குக்குள் இருந்தது மோட்டார் வைத்து அப்படியும் இப்படியும் ஆட்டும் ஆன்டெனா. சுகோய்-30இல் அலைக்கற்றையை மின்னணு முறையில் திருப்புகிறார்கள், ஆனால் அலையை உண்டாக்குவது அங்கேயும் மையத்தில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர்தான். ரஃபேலிலும் புதிய தேஜஸிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாட்யூல்கள். ஒவ்வொன்றும் தானே அலையை அனுப்பும், தானே வாங்கும். பத்து கெட்டுப்போனாலும் மற்றவை வேலையைப் பார்க்கும். ஆனால் எல்லாம் சேர்ந்து கொதிக்கும். அந்தக் கொதிப்பை இழுக்க, உள்ளே குளிர்நீர் ஓடும் மெல்லிய வாய்க்கால்கள் கொண்ட அலுமினியத் தகடு வேண்டும். வாய்க்கால்களை எங்கள் மிஷினில் வெட்டியாகிவிட்டது. மேல்மூடியைக் கசியாமல் பற்றவைக்க வேண்டியதுதான் பாக்கி, அதற்குத்தான் புதுச்சத்திரம்.

காலை ஆறரைக்குக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் பிடித்தேன், புதுச்சத்திரத்துக்கு நாற்பது ரூபாய். ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா நாமக்கல் பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை. ஏறும் முன்பே கேட்காவிட்டால் அரைமணி நேரம் வெயிலில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.

"ஏனுங்க, மடியில என்னங்க அது, இட்லித் தட்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

"ரேடாருக்குப் போறதுங்க."

"ரோட்டுல ஸ்பீடு புடிக்குதே, அந்த ரேடாருங்களா? அப்ப நம்ம வண்டிய மட்டும் புடிக்காதபடி செஞ்சு குடுங்க!"

விமானத்துக்கு என்றதும் பக்கத்து சீட்டில் இருந்த லாரி டிரைவர் விடவில்லை. ரேடார் இல்லாமலும் எதிரியைப் பார்க்கலாமாமே, நிஜமா என்றார். நிஜம்தான். சுகோயிலும் ரஃபேலிலும் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் முன்பக்கம் உண்டு. ரேடார் என்பது ஹைபீம் போட்டு ஓட்டுவது. வெகுதூரம் தெரியும், நாம் வருவதும் எதிரே வருபவனுக்குத் தெரிந்துவிடும். வெப்ப சென்சார் விளக்கை அணைத்துவிட்டு எதிர் வண்டியைக் கவனிப்பது. நம்மைக் காட்டிக்கொடுக்காது, ஆனால் மேகம் வந்தால் தடுமாறும், தூரத்தைத் துல்லியமாகச் சொல்லவும் சிரமப்படும். அதனால்தான் இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே திரையில் விமானிக்குக் காட்டுகிறார்கள். "டிம் அடிக்காம வாரவனுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று அவர் தன் கவலைக்குப் போய்விட்டார்.

எட்டரைக்குப் பொன்னுசாமியின் பட்டறை. அலுமினிய டேங்கர் கட்டுபவர், வயது ஐம்பதுக்குள் இருக்கும், எனக்கு இரண்டு வருடப் பழக்கம். "வாங்க சாமி, மொதல்ல டீ குடிங்க" என்று சொல்லிவிட்டு ஆர்கான் வெல்டிங்கில் உட்கார்ந்தார். எல்லோரையும் அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். பத்தரைக்கு முடித்து, தகட்டுக்குள் காற்றடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். ஒரு குமிழி கூட வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் கணவருக்கு போன் செய்யப் போன அந்த ஐந்து நிமிடத்தில்தான் வினை. தகட்டில் தண்ணீர் நுழையும், வெளியேறும் இரண்டு வாய்களுக்கும் பொன்னுசாமி சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார். நான் பார்க்காமல், உள்ளே இருக்கும் ஈரம் போகட்டும் என்று காற்றுக் குழாயைச் சொருகி ஊதிவிட்டேன். மறுவாய் வழியாகச் சிவப்பாகத் தெறித்தது.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று கத்தினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எந்த டேங்கரும் வாயில பொட்டு வெக்காம நம்ம பட்டறய வுட்டுப் போனதில்லீங்க. உங்க காரியம் நல்லா நடக்கோணும்னுதான் வெச்சேன்."

டேங்கர் வாய் அண்டா அகலம். என் வாய்க்காலின் அகலம் இரண்டு மில்லிமீட்டர். அவர்மேல் வந்த கோபத்தைவிட, பார்க்காமல் ஊதிய என்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. பக்கத்தில் லாரி கழுவும் வாட்டர் சர்வீஸுக்கு இருவரும் ஓடினோம். எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சி, டீக்கடை வெந்நீர் ஊற்றி, மறுபடி பீய்ச்சி, தண்ணீர் தெளிவாக வர ஒரு மணி ஆகிவிட்டது. கடைசியாகக் கொதிக்கும் நீரை உள்ளே விட்டுத் தகட்டைத் தடவிப் பார்த்தேன். எல்லா இடமும் சட்டென்று சுட்டது. வலது மூலை மட்டும் தாமதமாகச் சூடானது. ஒரு வாய்க்கால் இன்னும் அடைத்திருக்கிறது. அதற்குமேல் அங்கே நின்றால் இரண்டு மணிக்குள் கூட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது.

திரும்பும் பஸ்ஸில் எனக்குள் பெரிய வழக்கு நடந்தது. கூட்டத்தில் அளப்பது மொத்த நீரோட்டத்தைத்தான். பதினாறு வாய்க்கால்களில் ஒன்று அடைத்தால் அளவில் பெரிதாகத் தெரியாது, தேறிவிடும். மிஷின் வீட்டில் நிற்கும். ஆனால் பழைய ரேடாரில் டிரான்ஸ்மிட்டர் போனால் விமானிக்கு உடனே தெரியும். இதில் அந்த மூலை மாட்யூல்கள் ஒவ்வொன்றாக வெந்து சாகும், மீதி வேலை செய்துகொண்டே இருக்கும், எட்டிப் பார்க்கும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எதிரியைச் சில விநாடி தாமதமாகப் பார்ப்பவர் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. மல்லூர் தாண்டும்போது முடிவெடுத்துவிட்டேன்.

கூட்டத்தில் தகட்டைச் சோதித்தவர் அந்த பெங்களூரு நிறுவனத்தின் தரப்பிரிவு அதிகாரி, கண்ணாடி போட்ட பெண்மணி. கருவியைப் பார்த்து, "ஃப்ளோ ஓகே, பாஸ்" என்று பேனாவை எடுத்தார்.

"மேடம், எழுதாதீங்க. வெந்நீர் விட்டு தெர்மல் கேமராவுல பாருங்க. வலது மூலை."

பார்த்தார். தகடு முழுக்க மஞ்சளாக மாற, மூலையில் மட்டும் ஒரு நீலக்கோடு சில விநாடி அப்படியே நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரிஜெக்ட்தான் போடணும். வேற வழியில்ல" என்றார். தலையாட்டிவிட்டுத் தகட்டை எடுத்துக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்: "கூட்டம் சனிக்கிழமை வரைக்கும் இருக்கு. இன்னொன்னு செய்ய முடியுமா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

போகிறவர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். மாதிரி ஒன்றுக்கு இரண்டாகச் செய்யுங்கள். வேலை முடிந்த நொடியே இரண்டு வாய்களையும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிடுங்கள். மொத்த அளவை நம்பாதீர்கள், ஒவ்வொரு மூலையையும் தொட்டுப் பாருங்கள். சோதிப்பவர் கேட்காததையும் நீங்களே சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு வெளியே நின்று பொன்னுசாமிக்கு போன் செய்தேன். தேறவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"நைட்டே வாய்க்கால் வெட்டிருவோம். காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன். பத்த வெச்சுத் தருவீங்களா?"

"வாங்க சாமி. இந்தத் தடவ பொட்டு வெக்கலீங்க."

"வைங்க. மூடி போட்டதுக்கப்புறம், மேல வைங்க" என்றேன்.