எனக்கு ஊசி, கோமதிக்கு அறுவை

முதலில் முதுகில் பருக்கள் வந்தன. முப்பத்திரண்டு வயதில், மீசை முறுக்கிய சிப்பாய்க்குப் பரு! லீவில் திண்டிவனம் வந்தபோது என் மனைவி கோமதி முதுகைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். எனக்குக் காரணம் தெரியும்.

கல்யாணமான வருடத்திலிருந்தே மலை முகாமில் ஸ்டீராய்டு ஊசி (தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோன் மருந்து) போட்டு வந்தேன். ஏற்றத்தில் பின்தங்குகிறவனை அங்கே யாரும் திட்டுவதில்லை. அவன் சுமையை வாங்கி இன்னொருவன் தோளில் மாட்டிவிடுவார்கள். அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை. அனுமதி இல்லாத மருந்து என்று தெரிந்துதான் போட்டேன். விரைகள் சிறுத்தபோது, குளிர்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. அம்மா கோமதியை அமாவாசைதோறும் மேல்மலையனூர் கோயிலுக்கு அழைத்துப் போனாள். விழுப்புரத்து மருத்துவர் என் விந்துப் பரிசோதனையைக் கேட்டபோதும் அம்மாவே முந்திக்கொண்டாள்.

"பட்டாளத்துல தலையிலருந்து கால் வரைக்கும் பாத்துத்தான் எடுத்துக்கினாங்க. வருஷா வருஷம் வேற பாக்குறாங்க. எம் புள்ளைக்கு இன்னா கொறை?"

அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த லீவில் தருகிறேன் என்று ஒவ்வொரு லீவிலும் சொன்னேன். விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

கடைசியில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் துளையிட்டுக் கருக்குழாயைப் பார்க்கும் அறுவை) பற்றிப் பேச்சு வந்தது.

"உங்க ரிப்போர்ட் இல்லாம இதைச் செய்ய எனக்கு இஷ்டமில்ல சார்," என்றார் மருத்துவர்.

கோமதிதான் அவசரப்பட்டாள். "எனக்குத்தான் ஏதோ இருக்குது டாக்டர். பண்ணிடுங்க. இவரு லீவு முடிஞ்சிடும்."

அறுவைக்கு முன் தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சிக்கினு இருங்க." நர்ஸ் ஒப்புதல் தாளை நீட்டினார். கணவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டேன். இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல ஊசி போட்டவர் இருந்தால், அந்தத் தாள் வருவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடுங்கள்.

மூன்று இடத்தில் தையல். குழாய்களில் ஒரு குறையும் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையாங்க," என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் அவள் எதிரிலேயே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதித்தார்கள். என் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை.

"ஊசிய நிறுத்துங்க. நிறைய பேருக்குத் திரும்பி வருது, மாசக்கணக்காகும். உங்களுக்கு வரும்னு இப்பவே சொல்ல முடியாது."

முகாமிலிருந்து மரக்காணத்துத் தம்பி ஒருவன் போன் செய்தான். நடந்ததைச் சொன்னேன். "அண்ணே, கவர்மெண்டே அலவ் பண்ணி டாக்டரே போட்டுட்டா இந்தப் பேஜாரே இல்ல பாருங்க." நானும் அப்படி வாதாடியவன்தான். அனுமதி இருந்திருந்தால் மறைத்திருக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் இருப்பவன் போட்டுக்கொண்டு முன்னால் ஏறும்போது, வேண்டாம் என்று எவன் சொல்வான்? எல்லோரும் வரிசையில் நின்று கையை நீட்டுவோம். இதை அவனிடமும் சொன்னேன். அவன் ஏற்கெனவே ஊசி போட ஆரம்பித்துவிட்டானாம். தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

ஊசியை நிறுத்தியதும் தோள் வற்றியது. மாடிப்படி ஏறினால் கால் நடுங்குகிறது. இப்போது என் நாட்கள் மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை என்று ஓடுகின்றன. இரண்டாவது சோதனையை இந்த லீவில் எடுத்தேன்; அதிலும் ஓர் உயிரணுகூட இல்லை.

அதைச் சொல்ல, அறுவைக்குப் பிறகு பிரம்மதேசத்தில் தாய்வீட்டிலேயே இருக்கும் கோமதிக்குப் போன் செய்தேன்.

"ரிப்போர்ட் நல்லா வந்தாலும் வராட்டியும் எனக்குச் சொல்லாதீங்க," என்றாள். "உங்ககூட பெத்துக்கணுமான்னே நான் யோசிச்சிக்கினு இருக்கேன்."

சரி என்றேன். லீவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.